சைக்கிள் தானாக ஓடுமா?

என்னுடைய தொடர்கதை ஒன்று வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தபோது, ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் எனக்குக் கார்டு போட்டிருந்தார். பாராட்டுக் கடிதங்களை நான் பத்திரப்படுத்துவதில்லை. அவற்றில் சொல்லியிருப்பது எழுதுகிறவனுக்கு முன்பே தெரிந்த விஷயம். கண்டனக் கடிதங்களை மட்டும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கார்டும் அதில்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். விருதுநகரில் பருப்பு மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் என் கதாநாயகன், மனசு சரியில்லாமல், ஓர் ஆடி மாத மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் புறப்படுகிறான். ‘இருபுறமும் காடு அடர்ந்து நின்றது. மெல்ல ஏறி மெல்ல இறங்கித் தாலாட்டிய அந்தச் சாலையில் சைக்கிள் தானாக ஓடியது’ என்று எழுதியிருந்தேன். எழுதிய அன்று அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கார்டில் இருந்தது: “ஐயா, காடுன்னு எழுதியிருக்கீக. எந்தக் காடு? பருத்திக் காடா, சோளக் காடா, மிளகாய்க் காடா? ஆடியில எங்க பக்கம் எந்தக் காட்டுலயும் ஒண்ணும் நிக்காது. விருதுநகர்ல இருந்து எங்க ஊருக்கு வாறவன் மூஞ்சியில மேகாத்து அடிக்கும். சைக்கிள் தானா எப்படி ஓடும்? பாதி வழி உருட்டிக்கிட்டுத்தான் வரணும்.” கீழே பெயர், ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்து ஊர், தொழில், பட்டாசு வேலை.

ஒரு கார்டுக்குள் இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை. நடை, உத்தி, பாத்திர வார்ப்பு என்ற வார்த்தைகள் ஒன்றுகூட அதில் இல்லை. எந்த மாதம், எந்தக் காற்று, எந்தக் காடு என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாதவன் அந்த வாக்கியத்தை எப்படி எழுதினான்? யோசித்துப் பார்த்தபோது விடை சுலபமாகவே கிடைத்தது. அதை நான் எழுதவே இல்லை, எங்கேயோ படித்திருந்தேன்.

ஜெரோம் கே. ஜெரோம் என்ற ஆங்கில ஹாஸ்ய எழுத்தாளர், படகில் போன மூன்று பேரின் கதையை 1889இல் எழுதிப் புகழ்பெற்ற பிறகு, அதே மூவரையும் சைக்கிளில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார். அந்தப் புத்தகம் 1900இல் வந்தது. ஜெர்மனியின் தென்மேற்கில் இருக்கும் கறுங்காட்டுப் பிரதேசத்தில் அவர்கள் சுற்றுகிறார்கள். அது நிஜமான காடு. ஊசியிலை மரங்கள், சரிவுகள், நடுவே பழைய கிராமங்கள், சத்திரங்கள் எல்லாம் அங்கே உண்டு. காலேஜில் படிக்கும்போது அந்தப் புத்தகத்தை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே படித்தேன். சிரிப்பு மறந்துவிட்டது; காட்சி மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. இருபது வருஷம் கழித்து, ஆனைக்குட்டத்துக்கு ஒரு சாலை தேவைப்பட்டபோது, அந்தக் காட்டைக் கொண்டுவந்து கரிசல் மண்ணில் நட்டுவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், ஜெரோமே இந்தத் தவற்றைக் கேலி செய்திருக்கிறார். சைக்கிள் கம்பெனிக்காரர்களின் விளம்பரப் படங்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதி வருகிறது. படங்களில் சைக்கிள் ஓட்டுகிறவன் உழைப்பதே இல்லை என்பது அவருடைய புகார். வியர்வை கிடையாது, மூச்சு வாங்குவது கிடையாது, வண்டி ஏதோ தெய்வ சங்கற்பத்தால் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பகுதிக்குச் சிரித்த நான், அந்த விளம்பரத்தையே என் கதையில் போட்டிருக்கிறேன். படித்ததை மறந்து போவதில் தவறில்லை. கேலியை மறந்துவிட்டு, கேலிக்கு ஆளான சரக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

அதே காலத்தில் இன்னொருவர் இதை வேறு விதமாகச் செய்தார். எச். ஜி. வெல்ஸ் 1896இல் ஒரு சைக்கிள் நாவல் எழுதினார். விஞ்ஞானக் கதைகளுக்குப் பேர்போன வெல்ஸ்தான். கதாநாயகன் ஹூப்டிரைவர் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் பத்து நாள் விடுமுறையில் தென் இங்கிலாந்தின் கிராமங்களில் சைக்கிளில் சுற்றப் புறப்படுகிறான். வெல்ஸ் காட்சியிலிருந்து கதையைத் தொடங்கவில்லை. ஹூப்டிரைவரின் கால்களிலிருந்து தொடங்குகிறார். புதிதாகச் சைக்கிள் பழகுகிறவனின் கால்களில் எங்கெங்கே கன்றிப்போயிருக்கும், எங்கெங்கே சிராய்த்திருக்கும் என்று கணக்கெடுத்துக் காட்டிவிட்டு, அதன் பிறகே அவனைச் சாலையில் விடுகிறார்.

இதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். காயத்தைப் பார்த்துவிட்டதால் அவனுடைய சந்தோஷத்தை நாம் நம்புகிறோம். விடுமுறை பத்தே நாள் என்று தெரிந்திருப்பதால், அவன் பார்க்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. பதினோராவது நாள் அவன் மறுபடி கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றாக வேண்டும். உல்லாசப் பயணத்தை எழுத வந்தவன் முதலில் லீவைக் கணக்குப் போட வேண்டும் என்று வெல்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. நான் என் கணக்குப்பிள்ளைக்கு லீவு எப்போது, எத்தனை மணிக்கு மண்டி மூடுகிறார்கள் என்றுகூட யோசிக்கவில்லை.

நம் எழுத்துக்கு வருவோம். தமிழ்க் கதைகளில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. தந்தி கொண்டுவரும் சேவகன் சைக்கிளில் வருவான்; பால்காரர் வருவார்; வாத்தியார் வருவார். ஆனால் எல்லாரும் ஏதாவது காரியமாகவே வருகிறார்கள். சைக்கிள் ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறவன் அபூர்வம். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977இல் வந்தது. 1947, 48இல் ஹைதராபாத் ராஜ்யம் கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்களில், சந்திரசேகரன் என்ற பையன் செகந்திராபாத் தெருக்களில் சைக்கிளில் போகிறான். அந்த நாவலில் ஊர் வர்ணனை என்று தனியாக ஒன்றும் கிடையாது. எந்தத் தெருவில் பயமில்லாமல் போகலாம், எந்த மூலையில் வேகமாகப் பெடலை மிதிக்க வேண்டும் என்பதிலேயே ஊர் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ என்ற சிறுகதை 2024இல் ‘குரங்கு பெடல்’ என்ற படமாக வந்தது. அதில் வாடகைச் சைக்கிளுக்காக ஏங்கும் பையன் இருக்கிறான். பாருக்கு மேலே கால் எட்டாமல், இடைவெளிக்குள் காலை விட்டு மிதிக்கும் வயசு. அந்தச் சந்தோஷத்துக்கும் மணிக்கணக்கு உண்டு, வாடகை உண்டு. அதனால்தான் அது சந்தோஷமாக இருக்கிறது.

நிலத்தை எழுதுவதைப் பொறுத்தவரை, கரிசல்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியே வெளியிட்டார். அவர் எழுத்தைப் படித்தவனுக்குக் கரிசலில் ‘காடு’ என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம்தான் அங்கே காடு. ‘காட்டுக்குப் போயிருக்காக’ என்றால் வேட்டைக்குப் போகவில்லை, களையெடுக்கப் போயிருக்கிறார்கள். பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலில் கொலை செய்துவிட்டு ஓடும் பையனும் அவன் அப்பாவும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், எந்த மறைவில் படுக்கலாம் என்று நிலம் முழுவதும் அவர்கள் வயிற்றின் வழியாகவும் பயத்தின் வழியாகவும் நமக்குத் தெரிகிறது. இந்தப் புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. இருந்தும் என் பேனா ஜெர்மனிக்குத்தான் போயிற்று. அழகாக எழுத வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், அருகில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கார்டு வந்து சில வாரங்களில், அதே ஆடியில், விருதுநகருக்குப் போய் ஒரு நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். ஆமத்தூர்ப் பக்கமாகப் போகும் சாலை. ஊர் தாண்டியதும் மேல்காற்று பிடித்துக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி, தடுப்பார் இல்லாத வெட்டவெளியில் ஓடிவருகிற காற்று. ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். பஸ்ஸில் போகும்போது தட்டையாகத் தெரிந்த பூமி அது. சைக்கிளில் போகிறவனுக்குத்தான் அதன் ஏற்ற இறக்கம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மேட்டைத் தொடை கண்டுபிடித்துவிடும். பக்கத்து ஓடைப் பாலத்தில் இறங்கும்போது கிடைக்கும் கொஞ்ச வேகத்தையும் காற்று பறித்துக்கொள்ளும். இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும் சாலையை அன்றுதான் முதல் முறை பார்த்தேன்.

காடு? உழுது போட்ட கறுப்பு மண், வெடிப்பு விட்ட கறுப்பு மண், அவ்வளவுதான். புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கினால்தான் விதைப்பு. மரம் என்று நின்றவை சில வேம்பு, குடை விரித்தாற்போல் ஓரிரண்டு உடை மரங்கள், மற்றபடி எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம். அதற்கு நடுவே வேலி போட்ட பரப்புகளில், ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். பட்டாசுத் தொழிற்சாலை அப்படித்தான் இருக்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, அது ஏதோ அமைதியான குடியிருப்பு என்று நினைத்தவன் நான். 2012 செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். ஆனாலும் அந்த அறைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் எதற்கு என்று அன்று சைக்கிளில் போகும்வரை எனக்கு உறைக்கவில்லை. சாலையோரத்து நிலக்காட்சியில் ஒவ்வோர் இடைவெளிக்கும் அர்த்தம் இருக்கிறது. வர்ணிக்க வருகிறவன் அதை அழகு என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறான்.

ஊரை நெருங்கும்போது முன்சக்கரத்தில் முள் ஏறிவிட்டது. உருட்டிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். கார்டு எழுதியவர் சொன்னது அப்படியே பலித்தது.

ஐம்பதை நெருங்கும் மனிதர். விரல் இடுக்குகளில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் தேய்த்தும் போகாமல் இருந்தது. என்னை அடையாளம் சொன்னதும் சங்கடப்பட்டுப் போனார்.

“ஏதோ தோணினத எழுதிப்புட்டேன் சார். மனசுல வச்சுக்கிடாதீக.”

“வச்சுக்கிட்டதாலதான் வந்தேன் அண்ணாச்சி” என்றேன்.

பஞ்சரை அவரே ஒட்டிக்கொடுத்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே பேசினார். இப்போது ஊரில் பெரும்பாலானவர்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். அவர் மட்டும் சைக்கிளை விடவில்லை. பெட்ரோலுக்குக் கொடுக்கிற காசு வீட்டில் இருக்கட்டும் என்கிறார். நான் ஒரு முடிவோடுதான் உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதருக்குச் சைக்கிள் என்றால் உழைப்பு, எனக்குச் சைக்கிள் என்றால் உல்லாசம். உழைக்கிறவனின் சாலையில் உல்லாசத்தை எழுதியதுதான் என் பிழை என்று ஒரு கட்டுரையே மனசுக்குள் தயாராகிவிட்டிருந்தது.

அந்தக் கட்டுரையையும் அவர் கெடுத்துவிட்டார்.

“சுத்திப் பாக்க வாறதுன்னா ஆடியிலயா சார் வாறது? தீவாளி முடிஞ்சு வாங்க” என்றார். தீபாவளிக்குப் பிறகு சில நாட்கள் வேலை இருக்காது. மழையும் விழுந்திருக்கும். காடெல்லாம் பச்சை பிடித்திருக்கும். அர்ச்சுனா நதியில் தண்ணீர் வந்தால் அணையில் தேங்கும். “அப்ப நானும் எம் மகளும் சைக்கிள எடுத்துக்கிட்டு அணைக்குப் போவோம். சும்மாதான். தண்ணியப் பாத்துட்டு வருவோம். கவருமெண்டு சைக்கிள் குடுத்ததுல இருந்து அவ என்னைய முந்திப் போயிருதா. வாடக் காத்து பின்னால இருந்து தள்ளும்போது கால வைக்க வேண்டாம் சார். அப்ப வேணா எழுதுங்க, சைக்கிள் தானா ஓடுச்சுன்னு.”

எனக்குப் பேச்சு எழவில்லை. சந்தோஷத்தை எழுதியதில் பிழை இல்லை. சந்தோஷத்துக்கு மாதம் தெரியாமல் எழுதியதுதான் பிழை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. உழைக்கிறவனுக்கு உல்லாசம் கிடையாது என்று அவனுக்காக நானே தீர்மானித்துவிட்டேனே, அது முதல் பிழையைவிடப் பெரியது. பூப்போட்ட வர்ணனை ஒரு பொய் என்றால், கண்ணீர் மட்டுமே வடிக்கும் பரிதாபக் கதை இன்னொரு பொய். இரண்டிலும் அந்த ஊர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கல் உடைக்கும் பெண்களும் அதில் இருந்தார்கள். தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் சைக்கிள் பயன்பட்டது என்று கணக்குச் சொல்லலாம், கணக்கும் சரிதான். ஆனால் தன் காலால் மிதித்து, தன் வேகத்தில், யாரையும் கேட்காமல் போவதில் அவர்களுக்கு இருந்த ஆனந்தத்தை விட்டுவிட்டால், அந்தக் கதையில் பாதி போய்விடும்.

திரும்பும்போது திருத்தங்கல் வழியாக வந்தேன். இப்போது சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. பழைய ஊர், புராதனக் கோபுரம் என்று நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். பிரயாணக் கட்டுரைகளில் அப்படித்தான் நாம் செய்கிறோம். ஆனால் இந்த ஊரைப் பற்றி இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில், கட்டுரை காதையில் ஒரு சம்பவம் சொல்கிறார். பராசரன் என்ற அந்தணன் இந்த ஊரில் தங்குகிறான். நன்றாக வேதம் ஓதிய ஒரு சிறுவனுக்கு ஆபரணம் பரிசளித்துவிட்டுப் போகிறான். ஏழை வீட்டில் நகை எப்படி வந்தது என்று சொல்லி, சிறுவனின் தகப்பன் வார்த்திகனைச் சிறையில் அடைத்துவிடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்காமல் நின்றுவிடுகிறது. அரசன் தவற்றை உணர்ந்து, அவனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான்.

இளங்கோ அந்த இடத்தில் குன்றை வர்ணித்துக்கொண்டு நிற்கவில்லை. இத்தனைக்கும் வர்ணனையில் அவருக்கு இணை யார்? கையில் நகை இருந்ததற்காக ஓர் ஏழை திருடன் ஆனான் என்ற ஒன்றைச் சொன்னார். கோவலன் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அது போதும். ஊரின் பழமை கோபுரத்தின் உயரத்தில் இல்லை, அங்கே யாருக்கு என்ன நேர்ந்தது என்பதில் இருக்கிறது. மதுரைக்குப் போகிற கதையில் திருத்தங்காலுக்கு இடம் கொடுத்த அந்தக் கவனம், விருதுநகரிலிருந்து ஆனைக்குட்டம் போகிற கதையில் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

புதிதாக எழுத வரும் தம்பிமார்கள் என்னிடம் வர்ணனைக்கு யோசனை கேட்பதுண்டு. இப்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் பாத்திரம் சாலையில் போனால், முதலில் மாதத்தைச் சொல்லுங்கள். பிறகு காற்று முகத்தில் அடிக்கிறதா, முதுகைத் தள்ளுகிறதா என்று கேளுங்கள். அவனுக்கு இன்று வேலை உண்டா, லீவா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மரத்தைப் பற்றியும் மலையைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்; அவை இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றுகொள்ளும். பதில் கிடைக்காவிட்டால், எத்தனை அழகான வாக்கியம் வந்தாலும் அதை நம்பாதீர்கள். அது வேறு யாருடைய வாக்கியமாகவோ இருக்கும்.

நாவல் புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். கதாநாயகன் இப்போது கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறான். வாடைக் காற்று அவனைத் தள்ளுகிறது. சாலையை விட்டு இறங்கிக் கரிசலில் குறுக்கே போகலாம் என்று நினைத்து இறங்குகிறான். ஈர மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு, சைக்கிள் நின்றுவிடுகிறது. குச்சியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். அப்போது ஒரு பெண் பிள்ளை மணியடித்துக்கொண்டு சாலையில் போகிறாள். பின்னால் அவள் அப்பா வருகிறார்.

புத்தகத்தை அவருக்கு அனுப்பிவைத்தேன். பதில் கார்டு வந்தது. “மண்ணு அப்புறது சரியா இருக்கு” என்று மட்டும் எழுதியிருந்தார். பாராட்டுக் கடிதம்தான். இருந்தாலும் அதையும் அந்தப் பிஸ்கட் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.